காய்ச்சலோடு வரும் தடிப்பு: சின்னமுத்து நோயை இனங்காண்போம்

பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது புதிய விடயமல்ல. மழையில் நனைந்தால் காய்ச்சல், தண்ணீர் மாறினால் காய்ச்சல், பல் முளைத்தால் காய்ச்சல் என்று நம் தாய்மார் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லுவார்கள். பெரும்பாலான காய்ச்சல்கள் இரண்டொரு நாளில் தணிந்தும் விடுகின்றன. ஆனால் காய்ச்சலோடு இருமல், தடிமன், கண் சிவப்பு ஆகியவை சேர்ந்து, பின்னர் முகத்தில் தடிப்பும் எழுமானால் அதை அப்படி விட்டுவிட முடியாது. அது சின்னமுத்தாக இருக்கலாம். தோட்டங்களில் இதையே தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் அழைக்கிறோம். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றே.

இந்த இதழின் பாடமாக இந்நோயை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சப்ரகமுவவின் மலைச்சரிவுகளில் வாழும் நமது குடும்பங்கள் மழைக்காலம் தோறும் அச்சத்தோடுதான் உறங்குகின்றன. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அன்றே புளத்கொஹுபிட்டிய பகுதியில் களுபஹன தோட்ட லயத்தின் மீதும் மண் விழுந்தது. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதையும் உலுக்கியது. ஒவ்வொரு தடவையும் வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் மிளகுக் கொடியையும் இழந்த குடும்பங்கள் பாடசாலை மண்டபத்திலோ, கோவில் மண்டபத்திலோ, உறவினரின் லயக் காம்பராவிலோ ஒதுங்க நேர்கிறது. ஒரு குடும்பம் இருந்த காம்பராவில் மூன்று குடும்பங்கள். ஒரு பாயில் நான்கு பிள்ளைகள். சின்னமுத்துக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினதுபோ என்னும் எரிமலை வெடித்தது. அம்மலைச்சரிவுகளில் பயிர் செய்து வாழ்ந்த அயேத்தா என்ற மலைவாழ் மக்கள் கீழே இறக்கப்பட்டு முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். எரிமலைக்குத் தப்பி வந்த அவர்களுடைய பிள்ளைகளுள் பலர், அதன் பின் முகாம்களில் பரவிய சின்னமுத்துக்குப் பலியானார்கள். அப்பிள்ளைகளுள் தடுப்பூசி போட்டவர்கள் மிகக் குறைவு. போஷாக்கும் குறைவு. வெளியிலிருந்து வந்த சுகாதார ஊழியர்கள் மீது அம்மக்களுக்கு நம்பிக்கையும் இருக்கவில்லை. இம்மூன்றும் நெரிசலோடு சேர்ந்துகொண்டன.

எனவே மலை சரிந்தபோது உயிர் தப்பினோம் என்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. தப்பி வந்த பிள்ளையை அடுத்து வரும் வாரங்களிலும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு முதற்படி நோயை உரிய நேரத்தில் இனங்காண்பது.

எப்படித் தொற்றுகிறது?

சின்னமுத்து ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. நோயுற்ற பிள்ளை இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அந்தப் பிள்ளை காம்பராவை விட்டு வெளியேறிய பின்னரும் இரண்டு மணித்தியாலம் வரை அங்குள்ள காற்றில் கிருமி உயிரோடிருக்கும். ஆகவே தொட்டால்தான் தொற்றும் என்று எண்ண வேண்டாம். ஒரே காற்றைச் சுவாசித்தாலே போதும். தடுப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் அவர்களுள் ஒன்பது பேருக்கு நோய் வரும். மனிதருக்குத் தெரிந்த தொற்று நோய்களுள் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகச் சிலவே.

இந்நோயின் கணக்கை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் டென்மார்க் நாட்டின் இளம் வைத்தியரான பீட்டர் லுட்விக் பானும். வட அத்திலாந்திக் கடலிலுள்ள பரோ தீவுகளில் 1846ஆம் ஆண்டு சின்னமுத்து பரவியது. அதற்கு முன் 65 ஆண்டுகளாக அங்கே அந்நோய் தலைகாட்டியதில்லை. அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஆனால் 1781ஆம் ஆண்டில் சிறுவராக இருந்தபோது அந்நோயைக் கண்டு குணமான முதியவர்களுக்கு அது மறுபடி வரவில்லை. ஊர் ஊராகச் சென்று நாட்களைக் குறித்துக்கொண்ட பானும், தொற்றிய நாளிலிருந்து தடிப்பு எழும் நாள் வரை ஏறக்குறைய 14 நாட்கள் செல்கின்றன என்றும், ஒரு தடவை வந்தால் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு உண்டு என்றும் கண்டறிந்தார். இன்றைய வைத்தியமும் இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்கிறது.

நாட்களை எண்ணிப் பார்ப்போம்

சின்னமுத்தை இனங்காண்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கண்ணும் நாட்காட்டியும் போதும். தொற்றிய பின் முதல் பத்து நாள் அளவில் பிள்ளையில் எந்த மாற்றமும் தெரியாது. வழமைபோல ஓடி விளையாடும். அதன் பின்னர் நோய் பின்வரும் ஒழுங்கில் வெளிப்படும்.

முதலாம் நாள்: காய்ச்சல் தொடங்குகிறது. கூடவே வறட்டு இருமல், மூக்கால் ஓடும் தடிமன். பார்ப்பதற்குச் சாதாரண தடிமன் காய்ச்சல் போலவே இருக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்: காய்ச்சல் கூடுகிறது. கண்கள் சிவந்து நீர் வடியும், பீளை கட்டும். வெளிச்சத்தைப் பார்க்கப் பிள்ளை கூசும், கதவுப் பக்கம் திரும்பாமல் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். சாப்பாட்டை மறுக்கும். இப்போது வாயைத் திறக்கச் செய்து, வெளிச்சத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். சிவந்த தசையின் மேல் உப்புத்தூள் தூவினாற் போலச் சிறு வெண்புள்ளிகள் தெரிந்தால் அது சின்னமுத்தின் தெளிவான அடையாளம். 1896ஆம் ஆண்டில் இப்புள்ளிகளைப் பற்றி விவரமாக எழுதிய அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் ஹென்றி கொப்லிக் பெயரால் இவை கொப்லிக் புள்ளிகள் எனப்படுகின்றன. எல்லாப் பிள்ளைகளிலும் இவை தென்படுவதில்லை. தென்பட்டாலும் இரண்டு மூன்று நாட்களில் மறைந்துவிடும். ஆகவே புள்ளி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

நான்காம் நாள் அளவில்: தடிப்பு எழுகிறது. முதலில் காதின் பின்புறத்திலும் நெற்றியில் மயிர் முளைக்கும் ஓரத்திலும் தோன்றும். பிறகு முகம், கழுத்து, நெஞ்சு, முதுகு, கை என்று கீழ்நோக்கி இறங்கி, மூன்று நாட்களில் பாதம் வரை செல்லும். தடிப்பு மேலிருந்து கீழே இறங்குகிறது என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். தடிப்பில் நீர் இருக்காது. தட்டையாகவோ சற்றே எழும்பியோ இருக்கும். ஒன்றோடொன்று சேர்ந்து படையாகவும் தெரியும். நமது பிள்ளைகளின் தோல் கறுப்பாகவோ மாநிறமாகவோ இருப்பதால் சிவப்பு எளிதில் தெரியாது. அப்போது விரலால் தடவிப் பாருங்கள். மணலைத் தொடுவது போலச் சொரசொரப்பாக இருக்கும்.

ஒன்பதாம், பத்தாம் நாட்கள்: தடிப்பு ஐந்தாறு நாட்கள் நின்று, தோன்றிய ஒழுங்கிலேயே முகத்திலிருந்து மங்கத் தொடங்கும். அந்த இடங்களில் கபிலநிறக் கறை படியும். தோல் உமி போல உதிரும். காய்ச்சல் தடிப்பு எழுந்து மூன்று நான்கு நாட்களில் இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, இறங்கி மீண்டும் ஏறினாலோ வேறு சிக்கல் சேர்ந்துவிட்டது என்பது பொருள்.

இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. தடிப்பு எழுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே, அதாவது வெறும் தடிமன் காய்ச்சல் போலத் தோன்றும் நாட்களிலேயே, பிள்ளை மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. தடிப்பு எழுந்து நான்கு நாட்கள் வரை அது தொடர்கிறது. ஆகையால் தடிப்பைக் கண்ட அன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த நான்கு நாட்களும் இப்பிள்ளை யாரோடு இருந்தது?" என்பதே.

வேறு நோய்களோடு குழப்பிக்கொள்ளாதிருக்க

உடம்பில் எழும் எல்லாத் தடிப்பும் சின்னமுத்து அல்ல. வேறுபாடுகளை அறிந்து வைப்போம்.

1. கொப்புளிப்பான். இதில் எழுபவை நீர் நிறைந்த கொப்புளங்கள். முகத்தை விட நெஞ்சிலும் முதுகிலும் அதிகம். ஒரே நேரத்தில் புதிய பருவும் நீர்க்கொப்புளமும் காய்ந்த பொருக்கும் கலந்து காணப்படும். கடுமையான அரிப்பு இருக்கும்.

2. ருபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்து. தடிப்பு இதே போல இருந்தாலும் காய்ச்சல் இலேசானது. காதின் பின்னும் பிடரியிலும் நெறி கட்டும். மூன்று நாட்களில் போய்விடும். பிள்ளைக்குப் பெரிய தீங்கில்லை, ஆனால் கர்ப்பிணித் தாய்க்குத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

3. கை, கால், வாய் நோய். உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களும் புண்களும் வரும். முன்பள்ளி, பிள்ளைக் காம்பரா ஆகியவற்றில் அடிக்கடி காணப்படுகிறது.

4. வேர்க்குரு. வெப்பத்தாலும் வியர்வையாலும் கழுத்து, முதுகு, மடிப்புகளில் வரும். காய்ச்சல் இராது.

5. டெங்கு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மறக்கக் கூடாத நோய் இது. திடீரெனக் கடுங்காய்ச்சல், தலையிடி, உடல்வலி, வயிற்றுவலி, சத்தி ஆகியவை இருக்கும். தடிப்பும் வரலாம். இருமலும் தடிமனும் பொதுவாக முன்னிற்பதில்லை. எந்தக் காய்ச்சலும் மூன்றாம் நாளுக்குள் தணியாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுறூபன் போன்ற மருந்துகளைக் கடையில் வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது.

சுருங்கச் சொன்னால், காய்ச்சல் இருந்து, நீரில்லாத தடிப்பும் எழுந்து, இருமல், தடிமன், கண் சிவப்பு ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்குமானால் சின்னமுத்து என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகிப்பது நமது வேலை. உறுதி செய்வது வைத்தியரின் வேலை. சந்தேகத்திற்குரிய பிள்ளையின் இரத்த மாதிரி கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்பப்பட்டுப் பரிசோதிக்கப்படுகிறது.

"அம்மா வந்திருக்கிறாள்"

தோட்டத்தில் தடிப்பு எழுந்த பிள்ளையைப் பற்றி, "அம்மா வந்திருக்கிறாள்" என்று சொல்வது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். பிள்ளையைத் தனியே படுக்க வைப்பார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பார்கள். வெளியார் வரமாட்டார்கள். குளிர்ச்சியான ஆகாரம் கொடுப்பார்கள். இவற்றை நாம் இகழ்ந்து பேசுவதற்கில்லை. நோயாளியைத் தனியே வைத்தலும் வேப்பிலையால் அயலாருக்கு அறிவித்தலும் நம் முன்னோர் கண்ட நல்ல தற்காப்புகள்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா தீவில் சின்னமுத்து கொள்ளை நோயாகப் பரவியபோது அந்நாட்டு அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. தடுப்பூசி போடாதவர்கள் உள்ள வீடுகளின் முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. தடுப்பூசிக் குழுவினர் அத்துணியைப் பார்த்து வீடு வீடாகச் சென்றார்கள். நம் வாசலில் கட்டப்படும் வேப்பிலையும் அப்படியொரு அறிவிப்பாக அமையலாம். வேப்பிலை கட்டிய அன்றே குடும்ப நல உத்தியோகத்தருக்கும் செய்தி போகட்டும்.

ஆனால் அதே வழக்கத்தில் தீங்கு செய்யும் பகுதிகளும் உண்டு. "அம்மா வந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கோபம் வரும்" என்ற எண்ணம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. தாய் தன் பிள்ளைக்குத் தீங்கு நினைப்பாளா? அம்மன் தாய் என்று நம்புகிறவர்கள், மூச்சுத் திணறும் பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோவதை அந்தத் தாய் தடுக்கமாட்டாள் என்றும் நம்பலாம். வேப்பிலையும் இருக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும். ஒன்றுக்கொன்று பகையில்லை. அவ்வாறே எண்ணெய், பருப்பு, முட்டை, மரக்கறி எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சித் தண்ணீரில் பிள்ளையை வைத்திருக்கும் கடும் பத்தியமும் கூடாது. நோயோடு போராடும் உடம்புக்கு உணவு வழமையைவிடக் கூடுதலாகவே தேவை.

வீட்டில் பராமரிப்பது எப்படி?

சின்னமுத்துக் கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து கிடையாது. உடம்பே அதை வெல்ல வேண்டும். நாம் செய்வது உடம்புக்குத் துணை நிற்பது.

* பிள்ளையைத் தோட்ட மருந்தகத்திற்கோ அரசாங்க வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள். சின்னமுத்து என்ற சந்தேகம் இருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் இருக்க வைக்க வேண்டாம்.
* வைத்தியர் விற்றமின் ஏ மருந்தைக் கொடுப்பார். இரண்டு நாட்கள் அடுத்தடுத்துக் கொடுக்கப்படும் இம்மருந்து கண்ணையும் உயிரையும் காப்பாற்ற உதவுகிறது. வயதுக்கேற்ப அளவு மாறும். மிகையானால் தீங்கு உண்டு. ஆகவே தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.
* காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், வைத்தியர் சொன்ன நேரத்திற்குக் கொடுங்கள்.
* அன்ரிபயோற்றிக் மருந்து இக்கிருமியை ஒன்றும் செய்யாது. காதில் சீழ், நியூமோனியா போன்றவை வந்தால் மட்டும் வைத்தியர் கொடுப்பார். சென்ற தடவை எஞ்சிய மருந்தைக் கொடுக்க வேண்டாம்.
* தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய நீர், கஞ்சி, இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வயிற்றோட்டம் இருந்தால் ஜீவனியைப் பொதியில் எழுதியிருக்கும் அளவில் கரைத்துக் கொடுங்கள்.
* குழைந்த சோறு, பருப்பு, முட்டை, கீரை, பூசணி, பப்பாசி முதலியவற்றைச் சிறிய அளவில் பல தடவை ஊட்டுங்கள். நோய் தணிந்த பின் சில வாரங்களுக்கு ஒருவேளை உணவைக் கூட்டிக் கொடுங்கள்.
* கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் கண்ணைத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துணி. தாய்ப்பாலோ இலைச்சாறோ கண்ணில் விட வேண்டாம்.
* வாயில் புண் இருந்தால் உப்பு நீரால் கழுவுங்கள்.

நோய் போன பின்னும் கவனம் தேவை. சின்னமுத்து பிள்ளையின் தடுப்புச் சக்தியைப் பல வாரங்களுக்கும் மாதங்களுக்கும் பலவீனப்படுத்திவிடுகிறது. முன்பு வென்ற கிருமிகளை உடம்பு மறந்துவிடுகிறது எனலாம். தடிப்பு மறைந்த ஒரு மாதத்தின் பின் வரும் வயிற்றோட்டத்தையும் இருமலையும் கூட அசட்டை செய்யக் கூடாது.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

சின்னமுத்தால் இறக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலானோர் தடிப்பால் இறப்பதில்லை. அதைத் தொடர்ந்து வரும் நியூமோனியா, வயிற்றோட்டம், மூளைக்காய்ச்சல் ஆகியவற்றால் இறக்கிறார்கள். கீழுள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

1. வேகமான மூச்சு. பிள்ளை அழாமல் இருக்கும்போது கைத்தொலைபேசியிலோ மணிக்கூட்டிலோ ஒரு நிமிடம் பார்த்து, நெஞ்சு எழுந்து தாழ்வதை எண்ணுங்கள். 2 மாதம் முதல் 12 மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து.
2. மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிதல்.
3. பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் சத்தி எடுத்தல்.
4. வலிப்பு, மயக்கம், எழுப்பினாலும் எழும்பாத உறக்கம்.
5. கண் குழிதல், சிறுநீர் குறைதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல்.
6. கருவிழி மங்கி வெண்மையாதல், கண்ணைத் திறக்க மறுத்தல்.
7. காதிலிருந்து சீழ், வாயில் ஆழமான புண்கள்.
8. தடிப்பு எழுந்து நான்கு நாட்களுக்குப் பின்னும் தணியாத காய்ச்சல்.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், நிறை குறைந்த பிள்ளைகள் ஆகியோரை அறிகுறி இலேசாக இருக்கும்போதே கொண்டுசெல்லுங்கள். ஒரு நாள் பேர் போனால் சம்பளம் போய்விடுமே என்ற கவலை நமக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்க வாகனக் கூலியும் வேண்டும். இக்காரணத்தினாலேயே தங்கியிருக்கும் இடத்தில் ஓர் அவசர நிதியை, வாரம் சிறு தொகையாயினும், முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்லது. எந்த முச்சக்கர வண்டி இரவில் வரும், ஓட்டுநரின் இலக்கம் என்ன என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பலர் கூடித் தங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, அறிவித்தல். சின்னமுத்து சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். தங்கியிருக்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் என்றால் குடும்ப நல உத்தியோகத்தருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அன்றே சொல்லுங்கள். சொன்னால் எங்களை வெளியேற்றிவிடுவார்கள் என்று அஞ்சி மறைக்க வேண்டாம். மறைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு நோயாளி பத்துப் பேராவார்.

இரண்டாவது, பிரித்து வைத்தல். தடிப்பு எழுந்து நான்கு நாட்கள் முடியும் வரை அப்பிள்ளையும் தாயும் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு திரைச்சீலை போதாது. காற்று வேறாக இருக்க வேண்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். உணவும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்க, முன்பு இந்நோய் வந்த ஒருவரையோ இரண்டு தடுப்பூசியும் போட்ட ஒருவரையோ நியமியுங்கள். ஒதுக்கி வைப்பது நோயைத்தான், குடும்பத்தை அல்ல. இதைப் பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்துங்கள்.

மூன்றாவது, பட்டியல் எடுத்தல். அப்பிள்ளையோடு ஒரே காற்றைச் சுவாசித்த கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், தடுப்பூசி போடாதவர்கள் ஆகியோரின் பெயர்களை எழுதி சுகாதார உத்தியோகத்தரிடம் கொடுங்கள். தொற்றிய 72 மணித்தியாலங்களுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும். கர்ப்பிணிக்கு இத்தடுப்பூசி போடக் கூடாது. அவருக்கும் மிகச் சிறிய சிசுவுக்கும் வேறு வழி உண்டா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். ஆகவே தாமதம் கூடாது.

தடுப்பூசி: கிடைத்ததும் நழுவியதும்

சின்னமுத்துத் தடுப்பூசி உலகில் 1963ஆம் ஆண்டு பாவனைக்கு வந்தது. நமது நாட்டில் 1984ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. இருந்தும் 1999, 2000ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நோய் பரவியதால் 2001ஆம் ஆண்டில் மூன்று வயதில் இரண்டாம் தடுப்பூசி சேர்க்கப்பட்டது. 2013ஆம் ஆண்டிலும் நோய் மீண்டும் பரவியது. தடுப்பூசி வயதை எட்டாத கைக்குழந்தைகளும் அப்போது அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். 2015 முதல் எம்.எம்.ஆர். எனப்படும் தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் கொடுக்கப்படுகிறது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் இது ஒன்றே காப்பு.

இம்முயற்சியின் பயனாக இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் 2023இல் நோய் மறுபடியும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில், நோய் கூடுதலாகக் காணப்பட்ட மாவட்டங்களில் 6 மாதம் முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிகத் தடுப்பூசி போட வேண்டி வந்தது. ஒழிந்தது என்று எண்ணிய நோயும், ஊசி போடாத பிள்ளைகள் சேரச் சேர, திரும்பி வருகிறது. பரவாமல் தடுக்க வேண்டுமானால் 100 பிள்ளைகளில் 95 பேராவது இரண்டு ஊசிகளும் போட்டிருக்க வேண்டும். 9 மாதத்தில் போடும் முதல் ஊசி 100இல் ஏறக்குறைய 85 பேரையே காக்கும். ஆகவே மூன்று வயது ஊசி அவசியமானது.

முன்னர் சொன்ன சமோவாவில் நடந்ததையும் அறிந்துகொள்வோம். 2018இல் அங்கு தடுப்பூசியோடு தவறான மருந்து கலக்கப்பட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தவறு மருந்தைக் கலந்த விதத்தில். ஆனால் மக்கள் தடுப்பூசிக்கே அஞ்சினார்கள். மறு ஆண்டு சின்னமுத்து வந்தபோது, ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டில் 83 பேர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஊசிக்குப் பின் இலேசான காய்ச்சலோ தடிப்போ சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து வருவதுண்டு. அது தானாகவே தணியும்.

"அட்டை மண்ணோடு போய்விட்டதே, ஊசி போட்டோமா இல்லையா தெரியவில்லையே" என்று கவலைப்படும் தாய்மாருக்கு ஒரு சொல். பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு தொலைந்தாலும், முன்பு சென்ற கிளினிக்கின் பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம். முன்பிருந்த தோட்டம், குடும்ப நல உத்தியோகத்தரின் பிரிவு, பிள்ளை பிறந்த திகதி ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு, இப்போது தங்கியிருக்கும் பகுதியின் கிளினிக்குக்குச் செல்லுங்கள். பதிவு கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. போட்ட பிள்ளைக்கு மறுபடி ஒரு தடவை போட்டாலும் தீங்கு வராது. போடாமல் விடுவதில்தான் தீங்கு. புதிய அட்டை கிடைத்ததும் கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்து வையுங்கள். அடுத்த மழைக்கு அவசரமாக வெளியேற நேர்ந்தால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றோடு அதுவும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

மாதர் சங்கக் கூட்டத்திலோ மாலையில் பலர் கூடும் வேளையிலோ ஒருவர் இப்பாடத்தை உரத்து வாசித்து, பின்வரும் கேள்விகளைப் பேசுங்கள்.

1. நாம் தங்கியிருக்கும் இடத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் 9 மாத ஊசியும் 3 வயது ஊசியும் தவறியவர்கள் யார்?
2. ஒரு பிள்ளைக்குத் தடிப்பு எழுந்தால் தனியே வைப்பதற்கு எந்த அறை உண்டு? இல்லையென்றால் யாரிடம் கேட்பது?
3. அம்மை பற்றிய நமது வழக்கங்களில் எவற்றைக் காப்போம்? எவற்றை விடுவோம்? ஏன்?
4. குடும்ப நல உத்தியோகத்தரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் யாரிடம் உண்டு? அவர் கடைசியாக எப்போது நம்மிடம் வந்தார்? வராவிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்?
5. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குச் செல்ல நம்மிடம் வழியுண்டா?

முதலாவது கேள்விக்குரிய பட்டியலை அன்றே எழுதி முடித்துவிடுங்கள். அப்பட்டியலோடு இருவர் அடுத்த கிளினிக் நாளுக்குச் சென்று உத்தியோகத்தரைச் சந்திக்கட்டும். நிலத்தைத் திரும்பப் பெறவும் வீட்டைக் கட்டவும் காலம் எடுக்கும். அதற்காகப் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். பிள்ளைக்கு ஊசி போடுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை, ஒரு காலைப் பொழுது போதும்.